மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கும் முன்...

மாடி ஒழுகுகிறது, குளியலறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது, மகளின் நிக்காஹ்வுக்கு முன் ஓர் அறை எடுக்க வேண்டும். இப்படி ஏதாவது ஒரு தேவைக்காக மேஸ்திரியைக் கூப்பிடுகிறோம். செலவழிப்பது போனஸ் பணம், சீட்டுப் பணம் அல்லது நகை அடகு வைத்த பணம். ஆனால் வேலைக்கான பேச்சு மட்டும் பெரும்பாலும் வாய்வார்த்தையோடு முடிந்துவிடுகிறது.

குறித்த தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கூறுகிறது. தொகை சிறிது, பெரிது என்று பார்த்து எழுதச் சலிப்படைய வேண்டாம் என்றும் அதே வசனம் சொல்கிறது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

என்ன எழுத வேண்டும்?

கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா என்பதை முதலில் எழுதுங்கள். பொருளோடு என்றால் சிமெண்ட், கம்பி, வயர், பைப் எந்தக் கம்பெனி என்பதும் இடம்பெற வேண்டும். சதுர அடிக் கணக்கானால், வேலை தொடங்கும் முன்பே இருவரும் சேர்ந்து டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பழைய பூச்சை உடைப்பது, கட்டட இடிபாட்டை அள்ளுவது யார் செலவு? சண்டை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. நடுவில் கூடுதல் வேலை சொன்னால், அதன் தொகையைப் பேசி எழுதிய பிறகே தொடங்கச் சொல்லுங்கள். மாடி எழுப்புவதாக இருந்தால் மாநகராட்சி அல்லது உள்ளாட்சி அனுமதி வாங்குவது வீட்டுக்காரர் பொறுப்பு.

சனிக்கிழமைப் பணம்

பனியன் கம்பெனியைப் போலவே கட்டட வேலையிலும் சனிக்கிழமைதான் சம்பளம். ஆட்களுக்குக் கூலி தர மேஸ்திரி பணம் கேட்பது நியாயமே. ஆனால் நடந்த வேலையைப் பார்க்காமல் வாராவாரம் கொடுத்தால், பாதி வேலையிலேயே முழுப் பணமும் தீர்ந்துவிடும். அதனால் கட்டம் பிரித்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, மொட்டை மாடி ஒழுகலைச் சரிசெய்ய 1,00,000 ரூபாய் பேசியிருந்தால், முன்பணம் 10,000; பழைய பூச்சை எடுத்து விரிசலை அடைத்ததும் 30,000; கூலிங் டைல்ஸ் பதித்ததும் 40,000; மாடியில் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதித்ததும் 10,000; முதல் நல்ல மழைக்குப் பிறகு மீதி 10,000. சனிக்கிழமை வாங்கும் தொகையை அந்தக் கட்டத்தின் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தால் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

கட்டம் முடிந்த பிறகு பணத்தை இழுத்தடிக்காதீர்கள். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழி வீட்டுக்காரருக்கும் பொருந்தும்.

வேலையாட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம். சாரம் உறுதியாக இருக்கிறதா, மின்கம்பி அருகில் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தகராறு வந்தால்?

எழுதிய தாளோடும் சாட்சிகளோடும் உட்கார்ந்து பேசுங்கள். தீராவிட்டால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தாள், ரசீது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள் எல்லாம் அப்போது தேவைப்படும், பத்திரமாக வைத்திருங்கள்.