மாக்னா கார்ட்டா முதல் ஈஜிபுரா வரை: மூல ஆவணங்களும் அவை தரும் பாதுகாப்பும்

பெங்களூரு: ஒரு நாட்டின் அடித்தள ஆவணங்களை மக்கள் நேரில் காண வேண்டும், கண்டவர்கள் அவற்றைப் படிக்கவும் முற்படுவார்கள் என்பது அமெரிக்க முதலீட்டாளரும் கொடையாளருமான டேவிட் ரூபன்ஸ்டைன் பல ஆண்டுகளாகப் பொதுமேடைகளில் வலியுறுத்தி வரும் கருத்து. இத்தகைய கொடையை அவர் 'தேசபக்திக் கொடை' என்று அழைக்கிறார். அவருடைய உரைகளில் தவறாமல் இடம்பெறுவது 1297ஆம் ஆண்டைச் சேர்ந்த மாக்னா கார்ட்டா என்னும் ஆங்கிலேய உரிமைப் பட்டயம். அந்தப் பட்டயத்தின் ஒரு விதிக்கும் பெங்களூரு ஈஜிபுராவில் 2013இல் வீடிழந்த குடும்பங்களுக்கும் சட்ட வரலாற்றில் நேரடித் தொடர்பு உண்டு.

அமெரிக்கத் தொழிலதிபர் ராஸ் பெரோவின் அறக்கட்டளை வசம் இருந்த அந்தப் படி, 2007 டிசம்பரில் நியூயார்க்கின் சோத்பீஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தது. அது நாட்டை விட்டுச் சென்றுவிடக் கூடாது எனக் கருதிய ரூபன்ஸ்டைன், 2 கோடியே 13 லட்சம் டாலருக்கு அதை வாங்கி, வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் காட்சிக்கு வைத்தார். அமெரிக்காவில் இருக்கும் ஒரே மூலப் படி அதுவே என்று அப்போது கருதப்பட்டது. ஹார்வர்டு சட்டப் பள்ளி 1946இல் வெறும் 27.50 டாலருக்கு வாங்கி, சாதாரண நகல் எனப் பட்டியலிட்டிருந்த ஏடும் 1300ஆம் ஆண்டின் மூலப் படியே என்பது 2025இல்தான் தெரியவந்தது. ஆவணங்களின் விலை அவற்றின் மதிப்பைச் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

சுதந்திர மனிதன் எவனையும் நாட்டின் சட்டப்படியன்றிச் சிறைப்படுத்தவோ, அவனுடைய நிலத்திலிருந்து அகற்றவோ கூடாது என்பது அந்தப் பட்டயத்தின் புகழ்பெற்ற விதி. இங்கிலாந்தின் உழவர்களில் பெரும்பகுதியினர் அன்று பண்ணையடிமைகளாக இருந்தனர். 'சுதந்திர மனிதன்' என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்கவில்லை. ஆனாலும் அந்த விதியே பின்னர் அமெரிக்க அரசியலமைப்பில் 'உரிய சட்ட நடைமுறை' என்ற பாதுகாப்பாக வளர்ந்தது.

இந்தியாவுக்கு அது வந்த வழியில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒருவரின் பங்கு பெரியது. அரசியல் நிர்ணய சபையின் அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் மங்களூரில் பிறந்தவர். அமெரிக்கா சென்றிருந்தபோது அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்ஃபர்ட்டரைச் சந்தித்த அவர், 'உரிய நடைமுறை' என்ற சொல் நீதிமன்றத்துக்கு அளவுகடந்த அதிகாரம் தந்துவிடும் என்ற முடிவுக்கு வந்தார். சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அதே கருத்தை ஆதரித்தார். இதன் விளைவாக, 'சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி' ஒருவரின் உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பறிக்கலாகாது என்ற வடிவம் 21ஆவது பிரிவுக்குக் கிடைத்தது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ ஒரு சட்டத்தை இயற்றிவிட்டால் போதும், அது நியாயமானதா எனக் கேட்க இயலாது என்ற நிலை ஏறத்தாழ 28 ஆண்டுகள் நீடித்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

வீடு என்னும் கேள்வி 1985இல் எழுந்தது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு பெரும்பாலும் ஏழைகளின் வெற்றியாகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால், மழைக்காலம் முடிந்த பின் அவர்களை அகற்ற அதே தீர்ப்பு அனுமதித்தது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், அதை வெளியேற்றத்துக்கு முன்நிபந்தனை ஆக்கவில்லை.

அந்த இடைவெளியின் விளைவை ஈஜிபுராவில் காணலாம். கோரமங்களாவை ஒட்டிய இப்பகுதி இன்று பலருக்கும் 2017இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுபட்ட மேம்பாலத்தின் பெயராகவே தெரியும். பொருளாதாரத்தில் நலிவுற்றோருக்காக 1990களில் இங்கு எழுப்பப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் தொகுதிகள் சில, தரக்குறைவால் சில ஆண்டுகளிலேயே இடிந்து விழுந்தன. மற்றவை இடிக்கப்பட, குடும்பங்கள் தகரக் கொட்டகைகளுக்கு மாறின. தமிழ் பேசும் தலித் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் அவர்களில் கணிசமாக இருந்தன. தனியார் பங்களிப்புடன் நிலத்தின் ஒரு பகுதியில் வணிக வளாகமும் மறு பகுதியில் புதிய வீடுகளும் கட்டும் திட்டத்துக்காக, உயர் நீதிமன்ற உத்தரவின் அடிப்படையில் 2013 ஜனவரியில் மாநகராட்சி கொட்டகைகளை அகற்றியது. சுமார் 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வேறிடம் இல்லாதவர்கள் எதிரே இருந்த நடைபாதையிலேயே நெடுங்காலம் தங்கினர். பத்தாண்டுகள் கடந்தும் வாக்களிக்கப்பட்ட வீடுகள் அவர்கள் கைக்கு வரவில்லை.

நீதிமன்ற உத்தரவு இருந்ததால், நடைமுறை பின்பற்றப்பட்டதா என்ற கேள்விக்கு ஆவணங்களில் விடை உண்டு. வெளியேற்றும் உத்தரவு சில நாட்களில் நிறைவேறுகிறது. வீடு தரும் வாக்குறுதிக்கோ அதுபோன்ற கெடு எதுவும் இல்லை. பி.என். ராவ் காலத்தில் 'நடைமுறை'யா, 'உரிய நடைமுறை'யா என்று நடந்த விவாதம் வெறும் சொல் விவாதம் அல்ல என்பது இங்கு புலப்படும்.

இந்திய அரசியலமைப்பின் மூல ஏட்டைப் பொறுத்தவரை, அதைக் காக்கக் கொடையாளர் எவரும் தேவைப்படவில்லை. பிரேம் பிகாரி நாராயண் ராய்சாதா ஆங்கிலத்தில் கையால் எழுதி, நந்தலால் போஸும் சாந்திநிகேதன் கலைஞர்களும் அணிசெய்த அந்த ஏட்டில் 1950 ஜனவரி 24 அன்று 284 உறுப்பினர்கள் கையொப்பமிட்டனர். எழுதியதற்கு ராய்சாதா கூலி பெறவில்லை. இந்தி ஏட்டுடன் அதுவும் நாடாளுமன்ற நூலகத்தில், மந்த வாயு நிரப்பிய பெட்டியில் பாதுகாக்கப்படுகிறது. டேராடூனில் இந்திய நில அளவைத் துறை அச்சிட்ட முதல் பதிப்பின் ஒரு படி 2024இல் 48 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் அச்சுப் படி 2021இல் 4 கோடியே 32 லட்சம் டாலரை எட்டியதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. அந்தப் படிக்காக இணையம் வழியே 17,000க்கும் மேற்பட்டோர் நிதி திரட்டிப் போட்டியிட்டும், நிதி முதலீட்டாளர் கென் கிரிஃபினே அதைப் பெற்றார்.

அமெரிக்காவில் ஏடுகளைக் காட்டி ஆர்வத்தைத் தூண்ட முயல்கிறார்கள் என்றால், கர்நாடக அரசு வாசிப்பைத் தேர்ந்தெடுத்தது. 2023 செப்டம்பர் 15 அன்று உலக மக்களாட்சி நாளில், விதான சவுதா முன்பும் மாநிலத்தின் பள்ளி, கல்லூரி, அலுவலகங்களிலும் அரசியலமைப்பின் முகவுரை ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டது. சமூக, பொருளாதார நீதியை முதல் உறுதிமொழியாகக் கொண்டது அந்த முகவுரை. ஈஜிபுராவின் வெளியேற்றம் நடந்து அப்போது பத்து ஆண்டுகளும் எட்டு மாதங்களும் ஆகியிருந்தன.