காண்பாரற்ற கலை

ஒருவரும் காணவியலாத இடத்தில் வைக்கவோ சிற்பி சிலை வடிப்பான்? எகிப்தியக் கலையை ஆராயப் புகும் நமக்கு முதலில் எழும் வினா இதுவே.

சக்காராவில், கி.மு. 27ஆம் நூற்றாண்டில், மன்னன் ஜோசருக்காக இம்ஹோதெப் எழுப்பியதாகக் கருதப்படும் ஆறடுக்குப் பிரமிடின் வடபுறத்தே வாயிலற்ற சிறு கல் அறையொன்று உண்டு. அதனுள் மன்னனின் சுண்ணாம்புக்கல் உருவம் வீற்றிருந்ததை 1924-25இல் அகழ்ந்தோர் கண்டனர். சுவரில், சிலையின் கண்களுக்கு நேரே, இரு துளைகள். மன்னன் வெளியே நோக்கவும், படையலின் நறும்புகை உள்ளே செல்லவும் அவையே வழி. உடல் அழியினும் ‘கா’ என்னும் உயிராற்றல் சிலையில் தங்கும் என்று எகிப்தியர் நம்பினர். சிற்பியைக் குறிக்கும் அவர்தம் சொல் ஒன்றுக்கு ‘உயிர்ப்பிப்பவன்’ என்பதே பொருள்.

வாழ்வோர் இல்லங்களை மண் செங்கல்லால் கட்டியவர்கள், மாண்ட மன்னனுக்குக் கல்லால் மனை அமைத்தனர். ஆதலின், அக்கலையை அழகு ஒன்றால் அளத்தல் தகாது. சாவை வெல்ல விழைந்த வேண்டுதலாகவே நாம் அதனைக் காணல் வேண்டும்.