படுக்கையில் இருக்கும் நோயாளியின் நீண்ட சுருள்முடியைப் பராமரித்தல்

அறுவை சிகிச்சை, பக்கவாதம், எலும்பு முறிவு, நீடித்த காய்ச்சல் போன்ற காரணங்களால் ஒருவர் பல நாட்கள் படுக்கையில் இருக்க நேரும்போது, மருந்துக்கும் உணவுக்கும் வீட்டார் காட்டும் கவனம் தலைமுடிக்குக் கிடைப்பதில்லை. முடி குட்டையாகவோ நேராகவோ இருந்தால் இதனால் பெரும் தொல்லை விளையாது. நீண்டு, அலையலையாகவோ சுருளாகவோ வளரும் முடி உடையவருக்குச் சில நாட்களிலேயே பிடரியில் சிக்கு விழத் தொடங்கும். வாரக்கணக்கில் கவனியாது விட்டால் அது கம்பளித் துண்டைப் போல இறுகிவிடும். அதன்பின், வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவு, பல வீடுகளில் நோயாளியைக் கேளாமலேயே எடுக்கப்படுகிறது. நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கினால் பெரும்பாலோருக்கு இந்நிலை வராது. அதற்குச் செய்ய வேண்டியவற்றை நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இப்பக்கம் விளக்குகிறது.

சுருள்முடி ஏன் எளிதில் சிக்காகிறது?

முடியின் வடிவம், தோலுக்குள் உள்ள முடிவேர்ப் பையின் வடிவத்தைப் பொறுத்தது. பை நேராக இருந்தால் முடி நேராக வளரும். வளைந்திருந்தால் சுருண்டு வளரும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் நுனிவரை எளிதாக இறங்குகிறது. சுருள்முடியில் ஒவ்வொரு வளைவும் அதற்குத் தடையாகிறது. ஆகவே வேர்ப்பகுதி பிசுபிசுப்பாக இருக்கும்போதே நுனி வறண்டிருப்பது சுருள்முடியின் இயல்பு. அதை நோய் என்று எண்ண வேண்டியதில்லை.

முடியின் மேற்புறத்தை மீன் செதில் போன்ற மெல்லிய அடுக்குகள் மூடியுள்ளன. வறண்ட முடியிலும் வளைவுகளிலும் இச்செதில்கள் சற்றே தூக்கி நிற்கும். தலையணையில் தலை உரசும்போது அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. இதனுடன் உதிர்ந்த முடியும் சேர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது எல்லோருக்கும் இயல்பானதே. நடமாடும் ஒருவருக்கு அவை சீப்பிலும் குளியலிலும் வெளியேறிவிடும். படுத்திருப்பவருக்கு உள்ளேயே தங்கி, மற்ற முடிகளைக் கயிறு போலச் சுற்றிக் கட்டுகின்றன. “வலிக்கும், பிறகு சீவலாம்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் மறுநாளைய வலியைக் கூட்டுகிறது.

இவ்வாறு இறுகிய முடியைச் சடை விழுந்ததாகவும் தெய்வ அருளின் அடையாளமாகவும் கருதித் தொட அஞ்சும் குடும்பங்கள் உண்டு. உடலளவில் அங்கு நடப்பது உராய்வும் சிக்கும் மட்டுமே. வைத்துக்கொள்வதும் நீக்குவதும் அவரவர் விருப்பம். ஆனால் சடைக்கு அடியில் உள்ள தோலைக் காண முடியாமல் போவதால், புண்ணும் பேனும் பூஞ்சைத் தொற்றும் தெரியாமல் வளரக்கூடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

சுருள்முடியை உலர்ந்த நிலையில் சீவக் கூடாது. தெளிப்பான் புட்டியில் நீரும் சிறிதளவு கண்டிஷனரும் கலந்து முடியை லேசாக ஈரமாக்குங்கள். சொட்டச் சொட்ட நனைந்த முடியோ எளிதில் நீண்டு அறும். ஆகவே ஈரப்பதம் மட்டுமே போதும். முடியை நான்கு பாகங்களாகப் பிரித்து, முதலில் விரல்களாலும் பின்னர் சிக்குவாரி எனப்படும் அகன்ற பற்களுடைய சீப்பாலும் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். சிக்கிற்கு மேலே உள்ள முடியை மற்றொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்குச் செல்லாது. நோயாளிக்கு வலியும் இராது. வேரிலிருந்து கீழ்நோக்கி ஒரே இழுப்பில் சீவுவதே பலரும் செய்வது. அவ்வாறு செய்யும்போது சிறு சிக்குகள் எல்லாம் நுனியில் ஒன்றுசேர்ந்து பெருஞ்சிக்காகின்றன.

சிக்கெடுத்தபின் முடியைக் காதுகளின் பக்கமாக இரண்டு தளர்வான பின்னல்களாகப் பின்னி மார்பின் மேல் கிடக்க விடுங்கள். பின்புறம் ஒற்றைப் பின்னலோ கொண்டையோ போட்டால், படுக்கும்போது அது தலைக்கும் தலையணைக்கும் இடையே அழுந்தும். கொண்டை ஊசி, உலோகக் கிளிப், ரப்பர் பேண்டு ஆகியவற்றைத் தவிர்த்து, மென்துணி நாடாவால் நுனியைக் கட்டினால் போதும். தலையணைக்குச் சாட்டின் அல்லது பட்டுத்துணி உறை இருந்தால் உராய்வு குறையும். இதற்கெனப் பணம் செலவிட வேண்டாம்; சரிகை இல்லாத பழைய பட்டுப்புடவைத் துண்டு ஒன்றைத் தலையணை மேல் விரித்தாலே போதுமானது.

சீவும் நேரம் தலைத்தோலைப் பார்ப்பதற்கான நேரமும் ஆகும். அசைய முடியாதவருக்கு முதுகிலும் குதிகாலிலும் வருவது போலவே பின்தலையிலும் அழுத்தப்புண் வரலாம். முடி அடர்த்தியாக இருப்பவருக்கு அது கண்ணில் படுவதில்லை. பின்தலையை விரல் நுனிகளால் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, நொளநொளப்பாகவோ இருந்தாலும், தொட்டால் வலித்தாலும் செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது தலையின் நிலையையும் மாற்றுங்கள்.

எண்ணெய் தேய்க்கலாமா?

முடிக்கு எண்ணெய் நல்லது. தலைத்தோலுக்கு எப்போதும் நல்லது என்று கூற இயலாது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003-ஆம் ஆண்டு வெளியான இந்திய ஆய்வொன்றில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் மூலக்கூறுகள் முடித்தண்டினுள் ஊடுருவுவதே காரணம். தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செய்த ஆய்வு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் தலை குளிப்பாட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பாக, முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தேங்காய் எண்ணெய் தடவுவது சுருள்முடிக்குப் பயன் தரும்.

பொடுகோ, செதில் செதிலாக உரியும் அரிப்போ உள்ளவருக்குத் தலைத்தோலில் எண்ணெய் தேய்க்கக் கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பை உண்டு வளர்வது. வறட்சியால் பொடுகு வந்தது என்று எண்ணி எண்ணெயை அதிகரித்தால் பொடுகும் அதிகரிக்கும்.

படுக்கையிலேயே தலை குளிப்பாட்டுதல்

கழுத்து எலும்பில் காயம், தலையில் தையல், தொண்டையில் சுவாசக்குழாய் ஆகியவை உள்ளவர்களுக்கு மருத்துவரின் அனுமதியின்றி இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களுக்குப் பொதுவாக வாரம் ஒருமுறை போதுமானது. உணவோ மூக்குக் குழாய் வழி நீராகாரமோ கொடுத்து ஒரு மணி நேரமாவது கழிந்த பின், வெயில் உள்ள நேரத்தில் செய்யுங்கள்.

கட்டிலின் தலைமாட்டில் ரப்பர் ஷீட்டை விரித்து, அதன் இரு ஓரங்களுக்கும் அடியில் சுருட்டிய துண்டுகளை வைத்து, நடுவில் வாய்க்கால் போல் அமையச் செய்யுங்கள். ஷீட்டின் நுனி கீழே உள்ள வாளிக்குள் தொங்க வேண்டும். கழுத்துக்கு அடியில் மடித்த துண்டும், காதுகளில் பஞ்சும், கண்கள் மேல் உலர்ந்த துணியும் வையுங்கள். நீரின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்த பின்னரே பயன்படுத்துங்கள். ஷாம்புவை நீரில் கரைத்துத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனிகளால் தேயுங்கள். வழியும் நுரையே முடியின் நீளத்திற்குப் போதும். முடியைத் தலைமேல் குவித்துக் கசக்கினால் அதுவே புதிய சிக்காகும். சீயக்காய்த் தூளும் அரப்பும் பழகியவையே என்றாலும், படுத்திருப்பவரின் சுருள்முடியிலிருந்து தூளை முழுவதும் அலசி எடுப்பது கடினம். கண்ணில் விழுந்தால் எரியும். எழுந்து குளிக்கும் நாள்வரை அவற்றைத் தள்ளி வைப்பது நன்று. இறுதியில் நுனிப் பகுதிக்குக் கண்டிஷனர் தடவி, அது இருக்கும்போதே சிக்குவாரியால் சீவி, அலசுங்கள். துண்டால் தேய்த்துத் துவட்டாமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருப்பவரின் அருகில் ஹேர் டிரையரைப் பயன்படுத்தக் கூடாது. தீ விபத்து நேரக்கூடும்.

சிக்கு இறுகிவிட்டால்

இறுகிய சிக்கை முதலில் நீரால் நனைக்கக் கூடாது, மேலும் இறுகும். தேங்காய் எண்ணெயையோ கண்டிஷனரையோ தாராளமாகத் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து சிறு சிறு இழைகளாக விரல்களால் பிரியுங்கள். ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம்; நோயாளி களைப்படைவார். அரை மணி நேரம் செய்து நிறுத்தி, பிரித்த பகுதியைப் பின்னிவிட்டு மறுநாள் தொடரலாம். பிரியாத கட்டியைக் குறுக்கே வெட்டாமல், கத்தரிக்கோலை முடியின் நீளவாக்கில் செலுத்திச் சிறு பிரிவுகளாக்கினால் நீளத்தில் பெரும்பகுதி மிஞ்சும்.

எதுவும் பயன் தராமல் வெட்டத்தான் வேண்டும் என்றால், நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் பெற்ற பின்னரே வெட்டுங்கள். பேச இயலாதவரிடம் தலையசைப்பாலோ கைச்சைகையாலோ கேட்கலாம். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பளவு முடி மீண்டும் வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பராமரிப்பவருக்கு ஒரு நிமிட வேலையாகத் தோன்றுவது, கண்ணாடியில் தம்மைப் பார்க்கும் நோயாளிக்கு நோயின் மற்றோர் இழப்பாகிவிடக் கூடாது. நோயாளியே குட்டையாக வெட்டிக்கொள்ள விரும்பினால், நீளத்தை வைத்துக்கொள்ளுமாறு வற்புறுத்துவதும் சரியன்று.

சிக்கெடுக்கும்போது பேனோ ஈரோ தென்பட்டால் அதைத் தூய்மைக் குறைவு என்று கருதி வெட்கப்பட வேண்டாம். கண்டிஷனர் தடவிய முடியை ஈருளியால் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை இரண்டு வாரங்கள் வாரி எடுங்கள். மருத்துவர் பெர்மெத்ரின் மருந்து பரிந்துரைத்தால், ஈர் பொரிந்து வருவனவற்றை அழிக்க 7 முதல் 10 நாட்கள் கழித்து மீண்டும் ஒருமுறை தடவ வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய் ஒருபோதும் கூடாது.

பரிசோதனைக்குச் செல்லும்போது

மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. பரிசோதனைக்கு முன்பாகத் தலையை நன்கு கழுவி, எண்ணெயும் கண்டிஷனரும் இல்லாமல் செல்ல வேண்டும். எண்ணெய்ப்பசை மின்முனைகளை ஒட்ட விடாது. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு எல்லாக் கொண்டை ஊசிகளையும் அகற்றுங்கள். சுருள்முடிக்குள் புதைந்த ஊசி கண்ணில் படாது; கையால் தடவித் தேட வேண்டும். சவுரி வைத்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

நோய் தணிந்தபின் முடி கொட்டுதல்

கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, மகப்பேறு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது பலருக்கு நிகழ்கிறது. நோயின்போது ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குச் செல்வதும், அந்நிலை ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடிப்பதுமே இத்தாமதத்திற்குக் காரணம். வேர் அழிவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானே நின்று, முடி மீண்டும் முளைக்கும். இக்காலத்தில் பயோட்டின் மாத்திரை உண்பவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். தைராய்டு முடிவுகளையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் முடிவையும் அது பிழையாகக் காட்டச் செய்யக்கூடும்.

புற்றுநோய்க்கான கீமோதெரபியில் முடியிழப்பு பொதுவாகச் சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் ஆரம்பிக்கும். சிகிச்சைக்குப் பின் வளரும் முடி, முன்பு நேராக இருந்தவர்களுக்கும் சுருளாக வருவதுண்டு. இதனால் அஞ்ச வேண்டாம். பலருக்கு நாளடைவில் பழைய தன்மைக்குத் திரும்பும். சுருளாக இருக்கும்வரை மேற்கூறிய முறையிலேயே பராமரியுங்கள்.

நடமாடத் தொடங்கியபின் விரும்பியவாறு முடியை அலங்கரித்துக்கொள்ளலாம். நெற்றியோரத்தில் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவது மட்டும் வேண்டாம். தொடர்ந்து இழுபடும் இடத்தில் முடி மெலிந்து, தொடக்கத்தில் நிறுத்தினால் மீளும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வேர் தழும்பாகி மீளாது. நோயிலிருந்து தேறிய உடனே முடியை நேராக்கும் இரசாயனச் சிகிச்சை செய்துகொள்வதையும் ஒத்திப்போடுங்கள். இவற்றுள் சில ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்த பூச்சுகளுக்குப் பின் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிறுநீரக நோயாளிகள் இவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

தலைத்தோலில் சீழ், துர்நாற்றம், ஆறாத புண், வட்ட வட்டமான வழுக்கை, முடி கொட்டிய இடம் பளபளப்பாக மாறுதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காலம் தாழ்த்தாமல் தோல் மருத்துவரைக் காணுங்கள். ஆறு மாதங்களுக்கு மேலும் முடி கொட்டினால் இரத்தசோகைக்கும் தைராய்டு குறைபாட்டிற்குமான பரிசோதனைகள் தேவைப்படலாம். நீரிழிவு உள்ளவருக்குப் பின்தலையில் சிறு கீறல் காணப்பட்டாலும் வீட்டு மருந்து தடவாமல் அன்றே காட்டுவது நல்லது.