பிடுங்கியதோடு முடிவதில்லை

பல்லை எடுப்பது சில நிமிட வேலை. அது இருந்த குழி ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் காட்டும் அலட்சியத்துக்குப் பலர் கொடுக்கும் விலை அதிகம்.

இந்தியாவில் பல்வலிக்கு முதல் மருத்துவர் கிராம்பு. இரண்டாவது மருத்துவர் மருந்துக்கடைக்காரர். அவர் கொடுக்கும் வலி மாத்திரைகளில் நாலைந்து மாதங்களை ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கி, தூக்கம் போன பிறகுதான் பலர் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காருகிறார்கள். அதற்குள் சொத்தை பல்லின் நடுவே உள்ள நரம்பை எட்டிவிட்டிருக்கும். அப்போதும் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்ற முடியும். ஆனால் ரூட் கெனால் சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கலாம். அதன் மேல் உறையும் போட வேண்டும். தனியார் கிளினிக்குகளில் இதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். பிடுங்குவதோ ஒரே நாள் வேலை. தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு முறை வருவதும் ஒரு நாள் கூலி நஷ்டம். எனவே, லக்னோவானாலும் நாகபுரியானாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: எடுத்துவிடுங்கள்.

பயம் முழுவதும் அந்த நாற்காலியைப் பற்றித்தான். உண்மையில் இன்று அதிகம் முன்னேறியிருப்பதே அந்தப் பகுதிதான். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943-ல் உருவாக்கிய லிக்னோகெயின்தான் இன்றும் இந்தியப் பல் மருத்துவர்களின் ஊசியில் இருக்கிறது. கூடவே கொஞ்சம் அட்ரினலின் சேர்ப்பார்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைக்கும், மரத்த நிலையை நீட்டிக்கும். சில நிமிடங்களில் உதடும் நாக்கில் பாதியும் தடித்தது போல் ஆகிவிடும். வலி தெரியாது, ஆனால் அழுத்தம் தெரியும். 'கடக்' என்ற சத்தமும் கேட்கலாம். மருந்து வேலை செய்யவில்லையோ என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான். மருத்துவர் பல்லை இழுத்துப் பிடுங்குவதில்லை. முதலில் நெம்புகோல் போன்ற கருவியால் அசைத்து, எலும்புக்கும் வேருக்கும் நடுவே உள்ள நார்களை அறுத்து, குழியைக் கொஞ்சம் விரித்த பிறகே குறடால் எடுக்கிறார்.

மேல்வரிசைப் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கை மாநில வித்தியாசமில்லாமல் நாடெங்கும் இருக்கிறது. பார்வை நரம்பு வேறு, பற்களுக்குப் போகும் நரம்பு வேறு. ஒன்றை மரத்துப்போகச் செய்வதால் மற்றொன்று கெடுவதில்லை. அந்தப் பயத்தில் சீழ் பிடித்த பல்லை வாயிலேயே வைத்திருப்பதுதான் ஆபத்து.

நாற்காலியில் உட்காரும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டிய சங்கதிகள் சில உண்டு. சர்க்கரை நோய் அவற்றில் முதலாவது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு அந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும். இதய நோயாளிகள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருவதுண்டு. ஈறில் கொஞ்சம் கூடுதலாகக் கசியும் ரத்தத்தைவிட, மாத்திரையை நிறுத்தியதால் வரக்கூடிய பக்கவாதம் பெரிய ஆபத்து. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, அரிதாகத் தாடை எலும்பே ஆறாமல் போகலாம்.

முதல் நாள்

பல் போன குழியில் ரத்தம் நிரம்பி உறைகிறது. இந்த உறைந்த ரத்தம்தான் இயற்கை போடும் கட்டு. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் அது மூடிக் காக்கிறது. அதன் மேல்தான் புதுச் சதை வளர வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் புத்திமதிகள் அத்தனையும் இந்தக் கட்டைக் காப்பாற்றத்தான்.

வைத்த துணியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விடாமல் கடித்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் கலந்த எச்சிலைக் கண்டு மிரண்டு துப்பிக்கொண்டே இருப்பவர்கள் உறைந்ததையும் சேர்த்துத் துப்பிவிடுகிறார்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதும் கூடாது. சூடான தேநீர் வேண்டாம். ஆறிய கஞ்சியும் தயிர் சாதமும் நல்லது. கன்னத்தின் வெளிப்பக்கம் விட்டுவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் குறையும். மரத்த நிலை போக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை குழந்தைகள் தங்கள் உதட்டையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீருக்கு மறுநாள்தான் வேளை. அதையும் வாயில் வைத்திருந்து மெல்லச் சாய்த்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள்

சாதாரணமாக வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். சிலருக்கு இரண்டாம் நாள் நன்றாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காது வரை தெறிக்கும் வலி கிளம்பும். வாய் நாறும், வலி மாத்திரைக்கு மசியாது. மருத்துவர்கள் இதை 'ட்ரை சாக்கெட்' என்கிறார்கள். உறைந்த ரத்தம் கழன்று, எலும்பு வெளியே தெரிந்து நிற்கும் நிலை இது. சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்குச் சிலருக்கே வரும். கீழ்த்தாடையின் ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் அதிகம்.

புகைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். புகையை இழுக்கும்போது வாயில் ஏற்படும் உறிஞ்சல் கட்டைப் பெயர்க்கிறது, நிகோடின் ரத்த ஓட்டத்தைச் சுருக்குகிறது. வலியை மறக்கப் பற்றவைத்த பீடியே வலியைக் கொண்டுவருகிறது. குறைந்தது மூன்று நாட்களாவது தொடாமல் இருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

ட்ரை சாக்கெட்டுக்கு மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது வைத்தியமல்ல. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினால் வலி சீக்கிரமே தணிந்துவிடும். அந்த மருந்தில் பெரும்பாலும் இருப்பது யூஜினால், அதாவது கிராம்பு எண்ணெயின் சத்து. பாட்டி வைத்தியம் சரியான ஆள் கையில் திரும்பி வருகிறது.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவும் விழுங்கவும் சிரமப்பட்டாலோ அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாடைக்கடியில் இரு பக்கமும் பரவும் வீக்கம் மூச்சையே அடைக்கக்கூடியது.

மூன்றாம் வாரம்

இந்தியாவில் பல் குழிக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. 2016-17-ல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதாவதொரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர். மெல்லும், தேய்க்கும் புகையிலை மட்டும் 21.4 சதவீதம். பிகாரில் கைனி, உத்தரப் பிரதேசத்தில் குட்கா, மகாராஷ்டிரத்தில் கருக்கிய புகையிலைப் பொடியான மிஷ்ரி. பற்பொடி, பற்பசைகளில் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-ல் தடை செய்த பிறகும் மிஷ்ரியால் பல் தேய்க்கும் வழக்கம் ஒழியவில்லை. பாக்கும் குட்காவும் மென்று கன்னத்தின் உட்தசை இறுகிப்போனவர்களுக்கு வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது. பல்லை எடுப்பதே பெரும்பாடு.

இப்படிப்பட்டவருக்குச் சொத்தையே இல்லாத பல் ஆடினால், காரணம் ஈறு நோயாக இருக்கலாம். ஈறில் கிளம்பும் புற்றுநோய் எலும்பை அரிப்பதாகவும் இருக்கலாம். பல்லைப் பிடுங்கினால் வலி கொஞ்சம் குறையும், குழி மட்டும் ஆறாது. சாதாரணக் குழியை இரண்டு மூன்று வாரங்களில் ஈறு பெருமளவு மூடிவிட வேண்டும். மூடாமல் சதை பொங்கிக்கொண்டு வந்தால் துணுக்கெடுத்துப் பரிசோதிப்பதுதான் முறை.

இந்தச் சந்தேகம் வருவதற்குப் படிப்பு வேண்டும். கொல்கத்தாவில் டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-ல் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948-ல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. 2023-ல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. இன்று 300-க்கும் அதிகமான பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆனால் பட்டம் பெற்றவர்கள் நகரங்களிலேயே குவிகிறார்கள். பழைய பஜார்களின் நடைபாதையில் குறடும் பல் செட்டும் விரித்து வைத்துத் தொழில் செய்தவர்கள் நிலைத்து நின்றது இந்த இடைவெளியில்தான். கொதிக்கவைக்காத குறடு மஞ்சள் காமாலைக் கிருமியைக் கடத்தும். புற்றுநோயால் ஆடிய பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் நோயாளி மாதங்களை இழப்பார்.

குழி ஆறிய பிறகும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. உள்ளே எலும்பு நிரம்ப மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். இடம் காலியாகவே இருந்தால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், இடுக்குகளில் உணவு சிக்கி அடுத்த சொத்தை தொடங்கும். ரூட் கெனாலுக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணம் செயற்கைப் பல்லுக்குப் போய்விடும்.

நெரிசலான அரசு மருத்துவமனையில் இத்தனையையும் விளக்க மருத்துவருக்கு அரை நிமிடம்தான் கிடைக்கிறது. எனவே நோயாளியே கேட்டுக்கொள்வது நல்லது: திரும்ப எப்போது வர வேண்டும்? தையல் போட்டிருந்தால் ஒரு வாரத்தில். புகையிலைப் பழக்கம் உள்ளவர் வலியே இல்லாவிட்டாலும் மூன்றாம் வாரம் போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வர வேண்டும். அதற்காக இழக்கும் ஒரு நாள் கூலி வீண் செலவல்ல.