என்-6 போதுமா, என்-8 வேண்டுமா? ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

புதுச்சேரியின் பூரணாங்குப்பம், தவளக்குப்பம், நல்லவாடு பக்கத்தில் முதல் கார் வாங்கக் காசு சேர்க்கும் இளைஞர்களில், "கொஞ்சம் சீறுகிற வண்டியா இருக்கணும்" என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி போர்ஷே காரில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததும் அந்த ஆசைக்கு உரம் போட்டிருக்கிறது. போர்ஷே கோடிக்கணக்கில் விலை போகும் வண்டி. சம்பளக்காரர் கடன் போட்டு எட்டிப் பிடிக்கக்கூடியது ஹூண்டாய் ஐ20 என்-லைன். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், இதை 2021 செப்டம்பரில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஷோரூமில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி வரும்: என்-6 ஆ, என்-8 ஆ? மேல் வேரியண்ட்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதல். "மாதத் தவணையில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது சார்" என்பார் விற்பனையாளர். அங்கே தலையாட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

வேரியண்ட்டில் எது மாறுகிறது?

எல்லா நிறுவனங்களும் வேரியண்ட்டை ஒரே மாதிரி பிரிப்பதில்லை. சிலவற்றில் இன்ஜினே மாறும். 2019-ல் வந்த போர்ஷே 911 கரேராவில் 385 குதிரைத்திறன். அதே தலைமுறை கரேரா எஸ்-ஸில் 450. அங்கே கூடுதல் காசு வேகமாகவே திரும்பி வருகிறது. சிலவற்றில் இன்ஜின் ஒன்றேதான். டொயோட்டா ஜிஆர்86 காரின் அடிப்படை வேரியண்ட்டிலும் பிரீமியத்திலும் அதே 2.4 லிட்டர் இன்ஜின். சக்கரத்தின் அளவு, டயரின் பிடிமானம், ஸ்பீக்கர், இருக்கைச் சூடேற்றி போன்றவைதான் வேறு.

ஐ20 என்-லைன் இரண்டாவது வகை. என்-6, என்-8 இரண்டிலும் 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் இழுவை. சாதாரண ஐ20-யைவிட விறைப்பான சஸ்பென்ஷன், கனமான ஸ்டீயரிங், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், உறுமும் இரட்டைக் குழாய் சைலன்சர் எல்லாம் இரண்டுக்கும் பொது. நோணாங்குப்பம் பாலம் தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தால், என்-6 காரர் என்-8 காரரிடம் தோற்கப்போவதில்லை.

இன்னொன்று. வெளிநாட்டில் விற்ற ஐ20 என் என்ற 1.6 லிட்டர், 204 குதிரைத்திறன் கார் வேறு. அது இந்தியாவுக்கு வரவில்லை. யூடியூபில் அதன் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, என்-லைனில் அதையே எதிர்பார்த்துப் போகக் கூடாது.

கூடுதல் காசு எங்கே போகிறது?

என்-6-ல் 8 அங்குலத் திரை. என்-8-ல் 10.25 அங்குலத் திரை, போனோடு இணையும் புளூலிங்க் வசதி, ஏழு ஸ்பீக்கர் கொண்ட போஸ் ஒலி அமைப்பு. இவை நல்ல வசதிகள்தான். ஆனால் ஒரு வேரியண்ட்டை எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும்: இதைப் பிறகு வெளியில் போட்டுக்கொள்ள முடியுமா?

பெரிய திரையும் ஸ்பீக்கரும் பாண்டிச்சேரி ஆக்சஸரீஸ் கடைகளிலேயே கிடைக்கும். ஏர்பேக்கும், சறுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி-யும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அவை வண்டியோடு பிறக்க வேண்டும். 2023 செப்டம்பரில் புதுப்பித்து வந்த என்-லைனில் ஆறு ஏர்பேக்கும் இஎஸ்சி-யும் எல்லா வேரியண்ட்டிலும் வந்துவிட்டன. ஆகவே இன்று புது வண்டி வாங்குகிறவர் பாதுகாப்புக்காக என்-8-க்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கிறவர் மட்டும், அந்தக் குறிப்பிட்ட வண்டியில் எத்தனை ஏர்பேக் என்று கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேல் வேரியண்ட் வாங்கினால் பாடி உறுதியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. தகடு ஒன்றேதான். 2022-ல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு மோதிப் பார்த்த இரண்டு ஏர்பேக் ஐ20-க்கு 3 நட்சத்திரம் கிடைத்தது. அந்த எண்ணைத் திரையின் அளவு மாற்றாது.

பத்து லட்சம் என்ற கோடு

2023 செப்டம்பர் அறிமுக விலையை எடுத்துக்கொள்வோம். என்-6 மேனுவல் 9.99 லட்சம். என்-8 மேனுவல் சுமார் 11.22 லட்சம். இடைவெளி 1.23 லட்சம்போலத் தெரிகிறது. கொட்டேஷன் தாளின் அடிவரை படித்தால் அது வளர்ந்துகொண்டே போகும்.

பத்து லட்சத்துக்கு மேல் விலை உள்ள வண்டிக்கு, விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார். என்-8-க்கு அது சுமார் 11,200 ரூபாய். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம். தாக்கல் செய்யாதவருக்கு அந்தக் காசு போனதுதான்.

தமிழ்நாட்டில் பதிவு செய்வோருக்கு அடி இன்னும் பெரிது. 2023 நவம்பரில் அங்கே ஆயுள் வரி உயர்ந்தது: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஷோரூம் விலையை வைத்துப் பார்த்தால் என்-6-க்கு 1.30 லட்சம், என்-8-க்கு 2.02 லட்சம். கடலூர்க்காரர் ஒருவருக்கு இடைவெளி ஏறத்தாழ 1.95 லட்சமாகிவிடும். பூரணாங்குப்பத்துக்காரருக்கு இந்தச் சுமை இல்லை; புதுச்சேரியில் வரி இவ்வளவு ஏறாது.

"அப்படியானால் பூரணாங்குப்பத்துச் சித்தப்பா வீட்டு முகவரியில் பதிவு செய்துவிடலாமே" என்று எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் நினைப்பது இயல்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வண்டியின் உரிமையாளர் எங்கே குடியிருக்கிறாரோ அல்லது தொழில் செய்கிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அந்த மாநிலத்தில்தான் பதிவு என்கிறது. 47-ஆவது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். கேரளத்தில் ஓடிய சொகுசுக் கார்களைப் புதுச்சேரி முகவரிகளில் பதிவு செய்த விவகாரம் 2017-ல் வெடித்து, பிரபலங்கள்மீது வழக்குவரை போனது. முகவரி கொடுத்த உறவினரும் சிக்கலில் மாட்டுவார். அந்த வம்பு எந்த வேரியண்ட்டுக்கும் வேண்டாம்.

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. ஐ20 என்-லைனும் அதில் அடங்கும். எனவே பத்து லட்சக் கோடு எந்த இரண்டு வேரியண்ட்டுக்கு நடுவில் விழுகிறது என்பதை அன்றைய விலைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடனில் வாங்கினால்? 1.23 லட்சம் கூடுதல் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்று வைத்தால் மாதம் சுமார் 2,550 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 1.53 லட்சம்.

கியர்தான் உண்மையான தேர்வு

2023 பட்டியலில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. என்-6 ஆட்டோமேட்டிக் சுமார் 11.10 லட்சம், என்-8 மேனுவல் 11.22 லட்சம். ஏறக்குறைய ஒரே விலை. பெரிய திரையா, கிளட்ச் மிதிக்காத கால்களா என்பதுதான் இங்கே கேள்வி.

இந்த ஆட்டோமேட்டிக்கில் உள்ளது ஏழு கியர் டிசிடி. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று ஓடும் கியரைப் பிடித்திருக்க, மற்றது அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்கும். அதனால் மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். ஆனால் இது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை. காலையில் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடேறும். முன்வண்டி கொஞ்ச தூரம் விலகும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்வது நல்லது. தினமும் பாண்டிக்குள் வேலைக்குப் போகிறவர் இதைச் சோதனை ஓட்டத்தில் பார்க்க வேண்டும். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது. நெரிசல் நேரத்தில், ஊர்த் தெரு வேகத்தடை ஏறி இறங்கி, வீட்டில் உள்ள பெரியவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். விறைப்பான சஸ்பென்ஷனைப் பற்றி அவர் முதுகு சொல்லிவிடும்.

மிச்சமாகும் காசு எதற்கு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கொட்டிய மழையும், அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளமும் பாகூர்ப் பகுதிக் கிராமங்களை மூழ்கடித்தன. நீரில் நின்ற வண்டியைப் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்தால், காற்றுக்குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி பொதுவாக இந்தச் சேதத்தை ஏற்காது. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். என்-8-ன் கூடுதல் விலையில் ஒரு சிறு பங்கு போதும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க. டயர் தேயும்போது நல்ல பிடிமானமுள்ளதாக மாற்றவும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் அடிப்பாகத்துக்குப் பூச்சு அடிக்கவும் மீதி உதவும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என் முடிவு தெளிவாக இருக்கிறது. நீண்ட பயணத்தில் பாட்டு இல்லாமல் இருக்க முடியாதவர், கடன் வாங்காமலே அந்த ஒரு லட்சத்தைத் தரக்கூடியவர், என்-8 வாங்கி மனநிறைவோடு ஓட்டட்டும். ஓட்டும் இன்பத்துக்காக மட்டும் இந்த வண்டியைத் தேடுகிறவருக்கு என்-6 மேனுவல் போதும். அதே இன்ஜின், அதே பிரேக், அதே ஆறு ஏர்பேக்.

வாங்கிய பிறகு ஒன்று மட்டும் செய்யுங்கள். கடலூர் சாலையில் மீன் கூடை ஏற்றிய மொபெட்டுகளும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களும் நம்மோடுதான் ஓடுகின்றன. 120 குதிரைத்திறனின் முழு வேகத்தை அறிய ஆசை இருந்தால், இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. அதற்குரிய நாளில் கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, பயிற்சியாளர் சொல்கிறபடி ஓட்டுங்கள். எந்த வேரியண்ட் வாங்கினாலும், வேகத்துக்கு உரிய இடம் அதுதான்.