உங்கள் கம்ப்யூட்டரை எத்தனை மணிக்கு மூடுகிறீர்கள்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு அதை எத்தனை மணிக்கு மூடுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

காஞ்சிபுரத்தை ஒட்டியுள்ள ஓரிக்கை எங்கள் ஊர். அப்பா பட்டு நெசவாளர். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது, சாஃப்ட்வேர் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்த நான் லேப்டாப்புடன் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் ஒரு பக்கம் தறி, மறு பக்கம் என் மேஜை. 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்பது எனக்குத்தான் புதிது. எங்கள் தெருவில் தலைமுறை தலைமுறையாக வீட்டில்தான் வேலை.

தறி தானாக நிற்கும்

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தறி நிற்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கோர்வைச் சேலையில் ஒரு பக்கக் கரைக்கு நாடா போட இன்னொருவர் கூட உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. அம்மா சமைக்க எழுந்தால் தறி நிற்கும். இழை அறுந்தால் நிற்கும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினாலும் நிற்கும்.

லேப்டாப்புக்கு இப்படி எதுவும் இல்லை. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும்.

நெசவு சுகமான வேலை என்று சொல்ல வரவில்லை. கல்யாண சீசனில் இரவு வரை தறி ஓடும். முதுகு வலியும் முழங்கால் வலியும் அப்பாவுக்குப் பழகிப்போனவை. ஆனால் தறிச் சத்தம் நின்றால் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம்.

ஒரு நாள் நான் பார்க்கவில்லை. காதில் ஹெட்போன். அமெரிக்க அலுவலகத்துடன் மீட்டிங் முடிய இரவு 11 மணி ஆனது. அப்பா மதியத்திலிருந்தே காய்ச்சலில் படுத்திருந்தார். எனக்கும் அவருக்கும் பத்தடி தூரம்தான். "நீ வேலையா இருந்தே, அதான் கூப்பிடலை" என்றார் அம்மா. அன்றுதான் உறைத்தது.

வேலை நேரம் கூடினால் உடலும் கெடும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம்.

கம்ப்யூட்டரை நிறுத்தும் வழிகள்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. எனவே இங்கே விண்டோஸ் 11-க்கான வழிகளைத் தருகிறேன். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து செட்டிங்ஸ் திறந்து கொள்ளவும்.

1. இரண்டு அக்கவுண்ட்: அக்கவுண்ட்ஸ் பிரிவில் அதர் யூசர்ஸ் சென்று ஆட் அக்கவுண்ட் கிளிக் செய்திடவும். ஒன்று வேலைக்கு, மற்றொன்று வீட்டுக்கு. அலுவலக மெயிலும் சாட்டும் வேலை அக்கவுண்டில் மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அதிலிருந்து சைன் அவுட் செய்துவிடவும்.

2. டூ நாட் டிஸ்டர்ப்: சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் சென்று, இது தானாக இயங்க வேண்டிய நேரத்தைக் கொடுக்கவும். இரவு 8 முதல் காலை 8 வரை கொடுத்தால், அந்த நேரத்தில் அறிவிப்புகள் திரையில் துள்ளி வராது. காலையில் மொத்தமாகப் பார்த்துக் கொள்ளலாம்.

3. ஃபோகஸ் செஷன்: கிளாக் புரோகிராமில் இந்த வசதி உள்ளது. எத்தனை நிமிடம் வேலை என்று குறித்தால், இடையில் ஓய்வு நேரத்தையும் அதுவே நினைவூட்டும்.

4. நைட் லைட்: சிஸ்டம், டிஸ்பிளே பிரிவில் இருக்கிறது. இரவில் திரையின் நீல ஒளியைக் குறைக்கும். இதைப் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்காரலாம் என்று அர்த்தமல்ல! பகலிலும் 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒரு பொருளை 20 விநாடி பாருங்கள்.

செட்டிங்ஸ் மட்டும் போதாது

இவை எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் மாற்றிவிடலாம். நானும் முதல் வாரம் அப்படித்தான் செய்தேன். பிறகு என் டீம் லீடரிடம் வாய் திறந்து பேசினேன். தினமும் இருந்த இரவு மீட்டிங், வாரம் இரண்டு நாள் என்று ஆனது. கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும்.

மற்ற நாட்களில் 8 மணிக்கு லேப்டாப்பை மூடுகிறேன். மறந்தால், "இன்னும் உன் தறி நிக்கலையா?" என்று அப்பா குரல் கொடுப்பார். ஹெட்போன் இல்லாததால் காதில் விழுகிறது.

இன்று உங்கள் வீட்டிலும் ஒரு மூடும் நேரத்தைக் குறித்து, மானிட்டர் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அதை நினைவூட்டும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.