ஆண்டு வாடகை 88 சென்ட்

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஃபுக்கராய் என்று பெயர். அங்கே வீட்டு வாடகை 88 சென்ட். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. அந்தக் காசுக்கு அதே ஊர்க் கடையில் ஒரு காபிகூடக் கிடைக்காது. ஓட்டுக்கூரை போட்ட 67 வீடுகள். அவற்றில் சுமார் 140 தனித்தனிக் குடித்தனங்கள். ஏறக்குறைய 150 பேர். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தெருவைப் பார்த்த சொந்த வாசல் உண்டு. மின்சாரத்துக்கும் குளிர்காலச் சூட்டுக்கும் ஆகும் செலவை மட்டும் குடியிருப்பவர் தனியாகக் கட்ட வேண்டும்.

1521-இல் எழுதப்பட்ட சாசனத்தில், வாடகை ஆண்டுக்கு ஒரு ரைன் கில்டர் என்று இருக்கிறது. அன்று அது ஒரு கைத்தொழிலாளியின் சுமார் ஒரு வாரக் கூலி. காசின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. தொகையை மட்டும் யாரும் உயர்த்தவில்லை. பழைய கில்டரை மார்க்காக்கி, மார்க்கை யூரோவாக்கினால் நிற்பது 88 சென்ட். அப்படியானால் கூரை மாற்றவும் சுவர் பூசவும் ஐந்நூறு ஆண்டுகளாகப் பணம் எங்கிருந்து வருகிறது?

பதில் நமக்குப் பழக்கமானதுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு திருவிளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு வருகிறது. ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடான ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இப்படிப்பட்டவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. காசாகக் கொடுத்தவர்களும் உண்டு: அதை ஊர்ச் சபையிடம் வைத்து, காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை சதவீதம் வட்டி வாங்கிக் கோயில் செலவுக்குக் கொடுத்தார்கள். முதலில் கை வைக்கக் கூடாது, விளைச்சலை மட்டும் செலவழிக்கலாம். அறக்கட்டளை என்பது இவ்வளவுதான். ஜெர்மானியர் இதை ஷ்டிஃப்டுங் என்கிறார்கள். சட்டப்படி தனி ஆளுமை கொண்டவை மட்டுமே இன்று அந்த நாட்டில் 25,000-க்கு மேல் இருக்கின்றன.

ஜெர்மனியில் வாழும் தமிழர்களுக்கு ஃபெரைன் எனப்படும் சங்கம் நன்றாகத் தெரியும். தமிழ்ப் பள்ளி, விளையாட்டுக் கழகம் எல்லாம் பெரும்பாலும் அந்த வடிவில்தான் நடக்கின்றன. ஏழு பேர் சேர்ந்தால் ஃபெரைனைப் பதிவு செய்துவிடலாம். உறுப்பினர் உண்டு, ஓட்டு உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, அதில் சண்டையும் உண்டு. வேண்டாம் என்று உறுப்பினர்கள் முடிவெடுத்தால் கலைத்தும் விடலாம். ஷ்டிஃப்டுங்குக்கு உறுப்பினரே கிடையாது, சொந்தக்காரரும் கிடையாது. பணம் கொடுத்தவரே பிற்பாடு மனம் மாறி வந்து நின்றாலும் ஒரு சென்ட் திரும்ப வராது. அதற்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு சொத்தும் ஒரு சாசனமும்தான். சாசனம் மீறப்படுகிறதா, முதல் கரைகிறதா என்று பார்க்க மாநில அரசின் மேற்பார்வை அலுவலகம் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டுக் கிடந்த விதிகள் 2023 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக உரிமையியல் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. வரிவிலக்கைப் பார்ப்பது வரி அலுவலகத்தின் வேலை. பொதுநல அமைப்பு என்ற தகுதியை அதுதான் தருகிறது, எடுக்கவும் செய்கிறது.

முதல் அழியாது என்று சாசனத்தில் எழுதிவிடலாம். எழுதியதால் அழியாமல் இருந்துவிடாது. எந்த உருவத்தில் அந்த முதல் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் ஓர் அறக்கட்டளையின் ஆயுள் இருக்கிறது என்பேன். கொடுத்தவரின் தாராளம்கூட இதற்கு அடுத்தபடிதான்.

ஃபுக்கராயைக் கட்டிய ஜாகோப் ஃபுக்கர் அந்தக் காலத்து ஐரோப்பாவின் பெரும் பணக்காரர். வெள்ளிச் சுரங்கம், செப்புச் சுரங்கம், வட்டிக்கடை, போப்பாண்டவரின் பணப் பட்டுவாடா எல்லாம் அவர் கையில். 1519-இல் ஐந்தாம் சார்லஸ் புனித ரோமானியப் பேரரசராகத் தேர்வாக, வாக்காளர்களுக்குக் கொடுத்த சுமார் 8,50,000 கில்டரில் ஐந்தரை லட்சம் அளவுக்கு இவர் கொடுத்த கடன். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற பணம் ரோமுக்குப் போன வழியிலும் இவர் கடை இருந்தது. மார்ட்டின் லூதர் இவரைப் பெயர் சொல்லியே தாக்கினார். இப்படிப்பட்டவர், உழைத்தும் வறுமையில் விழுந்த நகரவாசிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, பதிலாகக் கேட்டது நாளுக்கு மூன்று ஜெபம்: தன் ஆன்மாவுக்காகவும் தன் குடும்பத்துக்காகவும். அந்த நிபந்தனை இன்றும் நிற்கிறது. கத்தோலிக்கராக இருக்க வேண்டும், ஆக்ஸ்பர்க் வாசியாக இருக்க வேண்டும், வறியவராக இருக்க வேண்டும், கடன் இருக்கக் கூடாது. வாடகையைக் கறாராக நிறுத்திவைத்த அதே சாசனம் மதத்தையும் கறாராக நிறுத்திவைத்திருக்கிறது. ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைப் பேசாமல் விடுவது சரியில்லை.

உள்ளே போனால் வாசல்களில் தொங்கும் மணியிழுப்புக் கம்பிகளைப் பார்க்கலாம். ஒன்று மூவிலை வடிவம், இன்னொன்று ஊசியிலை மரக் காய் வடிவம் என வீட்டுக்கு வீடு வேறு. தெருவிளக்கு இல்லாத நாளில், இருட்டில் தடவிப் பார்த்துத் தன் வீட்டைக் கண்டுகொள்ள வசதி. இரவு பத்து மணிக்குக் கதவு அடைபடும்; பிந்தி வருபவர் காவலருக்கு 50 சென்ட் தர வேண்டும், நள்ளிரவு தாண்டினால் ஒரு யூரோ. ஆண்டு வாடகையைவிட ஒரு ராத்திரி தாமதத்துக்கு அபராதம் அதிகம்! இசைமேதை மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார் ஃபிரான்ஸ் மோட்சார்ட், தம் கடைசிக் காலத்தில் இங்கேதான் வாழ்ந்தார்.

1944 பிப்ரவரியில் விமானக் குண்டுவீச்சு ஃபுக்கராயின் பெரும்பகுதியை நொறுக்கியது. போர் முடிந்தபின் பழைய வடிவிலேயே கட்டி எழுப்பினார்கள். அதற்கு முன்பு 1923-இன் பணவீக்கமும் வந்து போயிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். வங்கியிலும் அரசுப் பத்திரத்திலும் முதலை வைத்திருந்த எத்தனையோ அறக்கட்டளைகள் அத்தோடு செத்தன. ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். 1914-இல் அரசன் கட்டியதல்ல அது; ஊர்ச் செல்வந்தர்கள், அவர்களில் பல யூதக் குடும்பத்தார், பணம் போட்டு எழுப்பியது. பத்தாண்டு ஆவதற்குள் அந்த முதல் காகிதமாகிப் போய், அரசின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. 2008-இல்தான் அது மறுபடியும் அறக்கட்டளைப் பல்கலைக்கழகமானது.

ஃபுக்கராய் ஏன் சாகவில்லை? அதன் முதல் மரமாக நின்றது. அதிக வட்டிக்கு ஆசைப்பட்டுச் சில முதலீடுகளில் அடிபட்டபின், 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஃபுக்கர் குடும்பத்தார் காட்டையும் நிலத்தையும் நம்பத் தொடங்கினார்கள். காட்டு வருமானம் பெரிதல்ல. விலைவாசியைக் கழித்தால் ஆண்டுக்கு அரை சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதம் வரை என்கிறார்கள். ஆனால் மார்க்கின் மதிப்பு எதுவானாலும் மரம் வளர்ந்துகொண்டே இருந்தது. இப்போது சுற்றுலாப் பயணிகளின் நுழைவுச்சீட்டுக் காசும் சேர்கிறது.

வூர்ஸ்பர்க்கில் இதே வேலையைத் திராட்சைக் கொடி செய்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய புயூர்கர்ஷ்பிடால், 1576-இல் ஆயர் யூலியஸ் எக்டர் நிறுவிய யூலியஸ்ஷ்பிடால் இரண்டும் முதியோரையும் நோயாளிகளையும் காக்க எழுந்தவை. இரண்டுக்கும் தோட்டம் எழுதிவைக்கப்பட்டது. இன்று ஜெர்மனியின் பெரிய ஒயின் தோட்டங்களில் இவையும் சேர்த்தி. தட்டையான குடுவை வடிவப் புட்டியில் அந்த ஒயினை வாங்கிக் குடிக்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு முதியோர் இல்லத்துக்குப் படி அளக்கிறார். மதுவிலக்கு மேடைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் சங்கடமான தர்மம்தான்.

நிலமும் காடும் இருந்தாலும் சட்டம் காவல் நின்றால்தான் முதலுக்குப் பாதுகாப்பு. 1933-க்குப் பின் நாஜி அரசு யூதர்கள் எழுதிவைத்த அறக்கட்டளைகளைக் கலைத்தது, மற்றவற்றோடு இணைத்தது, தெருவிலும் கட்டடத்திலும் இருந்த கொடையாளர் பெயரை அழித்தது. சாசனம் அதே சாசனம்தான், மேற்பார்த்த அரசுதான் கொள்ளைக்காரனாக மாறியிருந்தது.

இதெல்லாம் கோடீஸ்வரர்களும் ஆயர்களும் செய்தது. ஊர்க்காரர்கள் பத்தும் நூறுமாகப் போட்டு ஒரு முதலைத் திரட்ட முடியாதா? அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1914-இலேயே இதைச் செய்து காட்டினார்கள். ஜெர்மனிக்கு வந்து சேர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1996-இல் கியூட்டர்ஸ்லோ நகரில் பதிப்பக முதலாளி ரைன்ஹார்ட் மோன் 20 லட்சம் மார்க் போட்டு ஒன்றைத் தொடங்கினார். 1997-இல் ஹனோவரில் குற்றவியல் அறிஞர் கிறிஸ்டியன் ஃபைஃபர் முன்னின்று, பல குடிமக்கள் பணம் சேர்த்து இன்னொன்றைத் தொடங்கினார்கள். புயூர்கர்ஷ்டிஃப்டுங் எனப்படும் இந்த ஊர் அறக்கட்டளைகள் இப்போது 400-க்கு மேல். இவற்றின் எல்லை ஒரு நகரம் அல்லது ஒரு வட்டாரம். நோக்கம் ஒன்றல்ல, பள்ளிப் பிள்ளைக்கு வாசிப்புத் துணை, அகதிக்கு மொழிப் பாடம், முதியவருக்குப் பேச்சுத் துணை, ஊர் நூலகம், பூங்கா மரம் என எதுவும் அதில் வரும். ஒரே கொடையாளியோ நகராட்சியோ கட்சியோ ஆதிக்கம் செலுத்தாமல் பார்த்துக்கொள்பவற்றுக்கு ஜெர்மன் அறக்கட்டளைகளின் கூட்டமைப்பு தர முத்திரை தருகிறது.

எவ்வளவுதான் கிடைக்கும்? கணக்குப் போடுவோம். பத்து லட்சம் யூரோ முதல், மூன்று சதவீத வருமானம் என்றால் ஆண்டுக்கு 30,000. விலைவாசி முதலைத் தின்றுவிடாமல் இருக்க, நிகர வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை காப்பு நிதியில் போடலாம் என்கிறது வரிச் சட்டம். போட்டால் மிச்சம் 20,000. ஒரு முழுநேர ஊழியரின் சம்பளத்துக்கே போதாது. 2014 முதல் 2022 வரை ஐரோப்பிய மத்திய வங்கியில் வைப்பு வட்டி சுழியத்துக்கும் கீழே கிடந்தது. ஜெர்மன் அரசின் பத்தாண்டுப் பத்திரமே சில காலம் எதுவும் தரவில்லை. ஆடு இருந்தது, நெய் இல்லை. வட்டி எழத் தொடங்கிய 2022-இல் விலைவாசி சுமார் ஏழு சதவீதம் ஏறி மறுபக்கம் கடித்தது. இதனால்தான் ஊர் அறக்கட்டளைகள் உடனே செலவழிக்க நன்கொடையும் கேட்கின்றன; பணமில்லாதவரிடம் நேரத்தைக் கேட்கின்றன. வாரம் ஒரு மாலை பள்ளியில் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்கும் ஓய்வுபெற்றவர், அந்த 20,000-இன் பயனைப் பெருக்குகிறார்.

அரசு விட்டுக்கொடுக்கும் வரியும் இதில் கலந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பணக்காரர் ஒருவர் எழுதிவைக்கும்போது ஒரு பங்கு மற்ற வரிகட்டுகிறவர்களின் காசு. எதற்குச் செலவாகும் என்பதை அவர் மட்டும் முடிவு செய்கிறார். போதாக்குறைக்கு, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கொடையாளரையும் நெருங்கிய உறவினரையும் தக்கபடி பேணவும், அவர்கள் கல்லறையைப் பராமரிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊர் அறக்கட்டளையை நான் கூடுதலாக மதிப்பதற்கு இதுதான் காரணம்: அங்கே ஆயிரம் யூரோ போட்டவரும், பத்தாயிரம் போட்டவரும் ஒரே சபையில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம்.

சொந்தமாக ஒன்று தொடங்க நினைப்பவருக்குச் சட்டத்தில் குறைந்தபட்சத் தொகை எதுவும் இல்லை. ஆனால் 50,000 முதல் ஒரு லட்சம் யூரோவாவது இல்லாவிட்டால் மேற்பார்வை அலுவலகம் பொதுவாகத் தலையசைக்காது. அதற்குக் குறைவாக வைத்திருப்பவர், பெற்றோர் பெயரில் ஓர் உதவித்தொகை வைக்க விரும்பினால், ஏற்கெனவே நடக்கும் ஊர் அறக்கட்டளையின் குடைக்குள் அதைத் துணைநிதியாக வைக்கலாம். கணக்கும் தணிக்கையும் அவர்கள் பாடு.

பணம் அனுப்பும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நன்கொடை என்று மட்டும் எழுதினால் அது செலவுக்கானதாகக் கொள்ளப்படும். பொதுவாக அதை உரிய காலத்துக்குள் செலவழித்தாக வேண்டும். முதலோடு சேர வேண்டுமென்றால் முதலுக்கான கொடை என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும், ஜெர்மனில் ட்ஸூஷ்டிஃப்டுங். சாதாரண நன்கொடைக்கு ஆண்டு வருமானத்தில் 20 சதவீதம் வரை வரிக்கழிவு. முதலுக்கான கொடைக்கு அதற்கு மேலும் பத்தாண்டுகளில் பத்து லட்சம் யூரோ வரை கழிக்கலாம், கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால் இருபது லட்சம். 300 யூரோ வரையிலான நன்கொடைக்கு ரசீதுகூட வேண்டாம், வங்கிக் கணக்கின் நகல் போதும்.